கூடாரத்துக்கு வெளியே

பிஷ்கெக், தொர்தோய் சந்தை
2001 பிப்ரவரி 11

தம்பி ஷர்ஷெனுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு கேள்வி. என்னைப் பற்றி ஊரில் என்ன சொன்னாய்?

போன சனிக்கிழமை நம் சாரி-புலுங்கிலிருந்து குல்சுன் வந்திருந்தாள். வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் என்னிடம்தான் எடுப்பாள். வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு டீ ஊற்றினேன். அவள் கோப்பையைத் தொடவில்லை. "வேணாம் அனார்கான், இப்பத்தான் குடிச்சேன்" என்றாள். மினி பஸ்ஸில் நாளெல்லாம் குலுங்கி வந்து நேராக என் கண்டெய்னர் கடைக்குள் நுழைந்தவள், வெளியே பனி கொட்டுகிறது, இப்போதுதான் குடித்தாளாம். நான் விற்றுப் பிழைக்கிறவள். ஒருத்தர் வேண்டாம் என்றால் விலை பிடிக்கவில்லையா, சரக்கு பிடிக்கவில்லையா, ஆளையே பிடிக்கவில்லையா என்று முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

"என்னடி விஷயம்?" என்றேன். சுற்றி வளைத்தாள். கடைசியில், "வானத்தக் கும்பிடறவ கையால டீ வாங்கிக் குடிச்சா பாவம்னு பேசிக்கிறாங்க. நான் சொல்லலம்மா, ஊரு சொல்லுது" என்றாள். அப்புறம் கிட்டே வந்து, "நெசமாவே வெள்ளக் குதிரயப் பலி குடுத்தியா?" என்று கேட்டாள்.

குதிரை! அடகு வைக்கக்கூட என்னிடம் ஒரு குதிரை இல்லை.

ஊரில் நான் இதைச் சொன்னது உன் ஒருத்தனிடம்தான். போன கோடையில், லாயத்துக்குப் பக்கத்தில், நீ பசுவின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தபோது. அங்கே வேறு யாரும் இல்லை. அப்பா வெயிலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

இங்கே என் கடை வரிசையில் எல்லோருக்கும் தெரியும். அதை நானே சொன்னேன். காலையில் கதவைத் திறக்கும் முன் நான் கிழக்கே பார்த்துக் கையைத் தூக்குவதைச் சாக்ஸ் விற்கிற ரஹாத் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, தோள்பட்டை வலியா?"

"இல்லடி, கும்பிடறேன்."

"யார?"

"மேல இருக்கிறவர."

அண்ணாந்து பார்த்தாள். கண்டெய்னர் மேல் கண்டெய்னர். "மேல உன் குடோன்தானே இருக்கு?" என்றாள்.

எதிரே பட்டன், நூல் விற்கிற லியூபா டிவியில் ஏதோ பார்த்திருக்கிறாள். "நீங்கல்லாம் மலைமேல ஏறி ஓநாய் மாதிரி ஊளை விடுவீங்களாமே?" என்று கேட்டாள். "சந்தைக்காரங்க வாடகை ஏத்துறப்ப மட்டும்" என்றேன். சிரித்தார்கள், டீ குடித்தார்கள், என் கையால்தான் குடித்தார்கள். முகத்துக்கு நேரே கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முதுகுக்குப் பின்னால் பேசுகிறவன் யார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பாவுக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறேன். கால் வீக்கம் வடிந்ததா?

அனார்கான்


சாரி-புலுங்
பிப்ரவரி 20

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

ஷர்ஷென் எழுதுவது. இங்கே நான், பெர்மெட், பிள்ளைகள் அனைவரும் நலம். உங்கள் கடிதத்தை மினி பஸ் டிரைவர் மாமித் கொடுத்தார். உறை சரியாக ஒட்டியிருக்கவில்லை. கொடுக்கும்போது என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். இனி டேப் போட்டு ஒட்டுங்கள்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லி எனக்கு என்ன லாபம்? கூட்டுப் பண்ணை கலைந்த பிறகு மாட்டு டாக்டருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? ஊர் கூப்பிட்டால் எனக்குச் சோறு. இப்போது ஆடுகள் குட்டி போடுகிற சமயம். சில வீடுகளில் குட்டி சிக்கி ஆடு கத்துவது தெருவரை கேட்கிறது. என்னைக் கூப்பிடாமல் பக்கத்து ஊர் ஆளுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அப்படியிருக்க, என் வாயாலேயே என் பிழைப்பில் மண் போட்டுக்கொள்வேனா?

நானும் ஒன்று கேட்க வேண்டும். போன மாதம் தோல்குல்லாய் போட்ட ஒருவன் மேளத்தோடு ஊருக்கு வந்தான். வேண்டிக்கொண்டு துணி கட்டும் ஊற்று எங்கே என்று விசாரித்தான். அங்கே போய் மேளம் அடித்தான். யார் நீ என்று கேட்டவர்களிடம், "இது அனார்கான் அக்கா ஊர்தானே" என்றிருக்கிறான். அவனை அனுப்பியது நீங்களா?

அப்பாவின் கால் வடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. அப்பா காலமானால் பட்டணத்திலிருந்து உங்கள் ஆட்கள் வந்து, இமாமைத் தள்ளிவிட்டு, மேளம் அடித்து அடக்கம் செய்வார்களாம். அப்படி ஏதாவது எண்ணம் உண்டா? மனதில் வைத்துப் புழுங்குவதைவிடக் கேட்டுவிடுவது நல்லது என்று கேட்டேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள் தம்பி
ஷர்ஷென்


பிஷ்கெக்
மார்ச் 2

தம்பி,

டேப் ஒட்டியிருக்கிறேன். மாமித் பிரித்தால் தெரிந்துவிடும்.

அந்தத் தோல்குல்லாய்க்காரனுக்கு வானமும் தெரியாது பூமியும் தெரியாது. வெளிநாட்டுக்காரர்களுக்கு மேளம் விற்கிறவன். எங்கள் கூட்டத்துக்கு ஒருநாள் வந்தான், எந்த ஊர் என்று கேட்டான், சொன்னேன். ஊற்றைப் படம் பிடித்து எங்கேயாவது விற்கலாம் என்று போயிருப்பான். நான் அனுப்பவில்லை. என்னை நம்பாவிட்டாலும் என் மூளையை நம்பு. ஊரில் எனக்குக் காரியம் ஆக வேண்டியிருக்கும்போது ஒரு மேளத்தை முன்னால் அனுப்புவேனா?

எங்களிடம் இமாமும் இல்லை, இமாமைத் தள்ள ஆளும் இல்லை. கட்டடம் இல்லை, புத்தகம் இல்லை, சேரச் சொல்லி யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ரஹாத் அன்றைக்கு மறுபடியும் ஆரம்பித்தாள்.

"சரிக்கா, உங்க ஆளுங்க உனக்கு என்ன தர்றாங்க? அமெரிக்காவுலேருந்து காசு வருதா?"

"ஒரு சோம்கூட வரல."

"அப்ப எதுக்குச் சேந்த?"

அவள் கையில் ஆர்ச்சா மரத்து இலைக்கொத்து புகைந்துகொண்டிருந்தது. கடை திறந்ததும் மூலை மூலையாகப் புகை காட்டுவாள், நீயும் பார்த்திருக்கிறாய். "இது யாருக்குக் காட்டற?" என்றேன்.

"யாருக்குமில்ல. கண்ணு பட்டிருந்தா போகட்டும்னு."

"வியாழக்கிழம சாயங்காலம் எண்ணெய்ல மாவு பொரிக்கிறியே, அந்த வாசம் யாருக்கு?"

"செத்துப்போனவங்களுக்கு."

"உன் பொண்ணுக்கு வயித்து வலி வந்தப்ப வயித்தத் தடவிக்கிட்டு என்ன சொன்ன?"

யோசித்தாள். "என் கை இல்ல, உமாய் தாயோட கைன்னு."

"உமாய் தாய் யாரு?"

"அது… சும்மா சொல்றது. எல்லாரும்தானே சொல்றாங்க." அப்புறம் கொஞ்சம் பயந்த மாதிரி, "அக்கா, என்னையும் இதுல சேத்துராத" என்றாள்.

லியூபா சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் ஒரு கொத்து ஆர்ச்சா வாங்கிக்கொண்டு போனாள்.

இதுதான் தம்பி நான் கும்பிடுவது. எல்லோரும் சும்மா செய்வதை நான் தெரிந்தே செய்கிறேன். சந்தையில் இதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிடுகிறேன். உனக்குக் கடிதம் கடிதமாக எழுத வேண்டியிருக்கிறது.

இனி காரியம். உன் கடிதத்தில் அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று இருக்கிறது, அக்கா வந்து பார் என்று ஒரு வரி இல்லை. ஏன்? கடைசி மகன் நீ, வீடும் லாயமும் உனக்குத்தான், அதில் ஒரு ஆணிகூட எனக்கு வேண்டாம். வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா போகிற அன்றைக்கு, அவரைக் கிடத்த முற்றத்தில் போடுகிற கம்பளிக் கூடாரத்துக்குள், அவர் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து நான் ஒப்பாரி வைக்க வேண்டும். அம்மாவுக்கு வைத்தேன். அப்பாவுக்குச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. மகள் ஒப்பாரி வைக்காத வீட்டுச் சாவு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அதை மட்டும் எனக்கு விட்டுவிடு.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வருகிறேன். தடுக்கப் பார்க்காதே.

அனார்கான்


சாரி-புலுங்
மார்ச் 26

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நீங்கள் கோபமாகப் பஸ் ஏறிப் போனதிலிருந்து பெர்மெட் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் கத்தியது தவறுதான். ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். நவ்ரூஸ் அண்டாவில் கோதுமைக் கூழைக் கிண்டுகிற இடத்தில், தெருப் பெண்கள் அத்தனை பேரும் இருக்கும்போதா அதையெல்லாம் விளக்க வேண்டும்? "அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன்" என்கிறீர்கள். கேட்பார்கள் அக்கா. இந்த ஊரில் கேட்பதற்கு என்ன செலவு? மறுநாள் காலையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை. ஒரு வீட்டில் நீங்கள் நெருப்பைக் கும்பிடுகிறவர், ஒரு வீட்டில் மரத்தை. எங்கள் பக்கத்து வீட்டில் நீங்கள் செத்தவர்களோடு ரஷ்ய மொழியில் பேசுகிறவர்.

யார் முதலில் சொன்னது என்பதும் தெரிந்துவிட்டது. நேற்று அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கும்போது உங்களைப் பற்றி ஏதோ முணுமுணுத்தேன். அப்பா கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"அவள எதுக்குடா வையற? நான்தான் சொன்னேன்."

"எங்க சொன்னீங்க?"

"மாட்டுச் சந்தையில. எல்லாரும் பட்டணத்துல இருக்கிற பசங்களப் பத்தி அளந்தானுங்க. ஒருத்தன் பையன் கார் வாங்கிட்டானாம். என் மக எங்க பாட்டனுக்குப் பாட்டன் கும்பிட்டத மறக்காம கும்பிடறாடான்னு நானும் சொன்னேன். என்ன தப்பு?"

"குதிர?"

"அது நான் சேத்தது. சும்மா கும்பிடறான்னா எவன் மதிப்பான்?"

போன கோடையில் அவர் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார். ஆக, நான் சொல்லவில்லை என்று இப்போதாவது நம்புங்கள்.

ஆனால் காரியம் கைமீறிவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பெரியவர்கள் கூடினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். இமாம் எஷிம் கெட்டவர் இல்லை, நம் வீட்டுக்கு வந்து அப்பாவுக்காக ஓதுகிறவர். அவர் சொன்னார்: "ஷர்ஷென், உன் அப்பா போனா நான்தான் ஜனாஸா தொழுகை வைக்கணும். கூடாரத்துக்குள்ள வேற ஒண்ணக் கும்பிடறவங்கள உக்கார வச்சுக்கிட்டு எப்படி வைக்கிறது? உன் அக்கா நாலு பேர் முன்னால கலிமா சொல்லட்டும், என் தங்கச்சி மாதிரி பாத்துக்கறேன். இல்லன்னா கூடாரத்துக்குள்ள உக்கார வேணாம்." எல்லோரும் சரி என்றார்கள். இதை மீறினால் தொழுகைக்கும் வர மாட்டார்கள், குழி தோண்டவும் வர மாட்டார்கள். நான் ஒருத்தன் எப்படி அப்பாவைத் தூக்குவேன்?

இறைவன் ஒருவனே என்கிற ஒரு வரிதானே அக்கா. சின்ன வயதில் நாம் இருவரும் சேர்ந்து சொன்னதுதானே. சொல்லிவிட்டால் முடிந்தது.

ஷர்ஷென்


பிஷ்கெக்
ஏப்ரல் 1

தம்பி,

அப்பா குதிரையைச் சேர்த்தார் என்று படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். லியூபா தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வியாபாரத்தை யாரிடம் கற்றேன் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன். உன்னைச் சந்தேகப்பட்டது அந்த ஒரு விஷயத்தில் தவறு. மற்ற விஷயங்களில் சந்தேகம் அப்படியே இருக்கிறது.

அந்த ஒரு வரியை நான் சொல்ல மாட்டேன். வெறுப்பினால் இல்லை. அது நல்ல வரி, நம்பிச் சொல்கிறவர்கள் வாயில் இருக்க வேண்டியது. என் வரிசையில் பாதிப் பேர் சீனத்துச் செருப்பில் இத்தாலி என்று லேபிள் ஒட்டுகிறார்கள். நான் இதுவரை ஒட்டியதில்லை. விற்காமல் கிடந்தாலும் ஒட்டியதில்லை. அப்பாவின் சாவில் என்மேலேயே ஒட்டிக்கொள்ளச் சொல்கிறாயா?

அவர்கள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுது. ஊருக்கே வரக்கூடாது என்றார்களா, வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்றார்களா, கூடாரத்துக்குள் உட்காரக்கூடாது என்றார்களா? மூன்றும் மூன்று பேரம். நீ எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிற ஆள்.

அனார்கான்


சாரி-புலுங்
ஏப்ரல் 8

அக்கா,

கூடாரத்துக்குள் உட்காரக்கூடாது என்றுதான் சொன்னார்கள். மற்றது எதுவும் சொல்லவில்லை. இதை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

அப்பா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. யாராவது வந்தால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறார். உங்களைத்தான் தேடுகிறார் என்று பெர்மெட் சொல்கிறாள். தபால் ஆபீஸ்காரரிடம் உங்கள் சந்தை டெலிபோன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். ரஹாத் கடைக்குப் பக்கத்தில்தானே அந்த டெலிபோன்? ரஹாத்திடம் சொல்லி வையுங்கள்.

ஷர்ஷென்


பிஷ்கெக்
மே 3

ஷர்ஷென்,

ஊரிலிருந்து வந்த பிறகு இரண்டு வாரமாக நல்லபடியாகத்தான் இருந்தேன். கடையைத் திறந்தேன், பூட்ஸை உள்ளே வைத்துவிட்டுக் கோடைச் செருப்பை வெளியே அடுக்கினேன். அப்பா போய்விட்டார், ஆனால் மகள் சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினாள் என்று ஒரு நிம்மதி இருந்தது.

நீ கையில் கம்போடு, இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு கூடாரத்து வாசலில் நின்றாய். ஒரு தடவைகூடச் சாலைப் பக்கம் திரும்பவில்லை. அதனால் உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். சாலை யாருக்கும் சொந்தம் இல்லை. உள்ளே உட்காரக்கூடாது என்றார்கள், நான் உட்காரவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. வீட்டுக் கேட்டுக்கு எதிரே நின்று, வேலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஆரம்பித்தேன். அப்புறம் அம்-பாஷி ஊரிலிருந்து குதிரையில் வந்தவர்கள் வளைவில் தெரிந்தார்கள். ஒப்பாரி காதில் விழுந்தால் ஆண்பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கேயே குதிரையை விட்டு இறங்கி, "என் ரத்தமே, என் ரத்தமே" என்று அழுதுகொண்டு ஓடி வந்தார்கள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு கூட்டமும் என்னைக் கடந்துதான் உள்ளே வந்தது. இமாம் நடுவில் வெளியே வந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். சொல்ல அவரிடம் என்ன இருக்கிறது? பேரத்தில் இருந்ததை நான் மீறவில்லையே.

தூக்கிக்கொண்டு போகும்போது கூடாரத்துக்குள் இருந்த பெண்களுக்கு அப்பா வாசலோடு மறைந்துவிட்டார். நான் ஒருத்திதான் வளைவு வரை பார்த்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அதை நினைத்து நினைத்து, ஊரையே பேசி ஜெயித்துவிட்டோம் என்று இருந்தேன்.

நேற்று குல்சுன் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அவளாகவே டீ கேட்டாள். குடித்தாள். என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வழிக்கு வந்துட்டியே அனார்கான், அதுவே போதும். வெக்கப்பட்டு ரோட்டுலயே நின்னியே, அதப் பாத்து அழாத பொம்பளயே இல்ல."

"என்ன வெக்கம்?"

"ஏன் மறைக்கிற? தம்பிகிட்ட கலிமா சொல்லிட்டியாமே. அவனே இமாம்கிட்ட சொன்னானாமே."

அவள் போனதும் கடையைச் சாத்தினேன்.

நான் எப்போது உன்னிடம் சொன்னேன்? உன் முகத்தைக்கூட நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. அந்த லேபிளைக் கடைசியில் நீ ஒட்டிவிட்டாய். நான் என் அப்பாவுக்குப் பாடினேன், நீ அதை மன்னிப்பு கேட்கிற அழுகையாக்கி ஊருக்கு விற்றுவிட்டாய். இன்னும் என்னென்ன சொன்னாய்? யார் யாரிடம்?

அனார்கான்


சாரி-புலுங்
மே 9

அக்கா,

சொன்னேன். என்ன சொன்னேன், எப்போது சொன்னேன் என்று நீ தெரிந்துகொள்.

இமாம் வெளியே வந்து உன்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார் என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். "இது விளையாட்டா ஷர்ஷென்? உள்ள வேணாம்னா வெளிய நின்னு ஊரக் கேலி பண்றதா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். பின்னாலேயே பெரியவர்கள் எழுந்தார்கள். அப்பா உள்ளே திரைக்குப் பின்னால் கிடக்கிறார். நீ சாலையில் நிற்கிறாய். நடுவில் நான் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன். வாசலை விட்டு ஒரு அடி நகரக்கூடாது, அதுதான் மகனுடைய இடம். நகர முடிந்திருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன், இல்லாவிட்டால் உன்னைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். இரண்டும் முடியவில்லை. வாய் ஒன்றுதான் மிச்சம். "காலையில எங்கிட்ட கலிமா சொல்லிட்டாங்க, உள்ள வர வெக்கப்பட்டு நிக்கிறாங்க" என்றேன். இமாம் செருப்பைக் கழற்றினார்.

உன் குரலை அதற்கப்புறம் யாரும் நிறுத்தவில்லையே, ஏன் என்று நீ யோசித்தாயா? இமாம் முற்றத்தில் அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் நின்று, "எப்படிப்பட்ட மனுஷன்?" என்று கேட்டபோது, "நல்ல மனுஷன், நல்ல மனுஷன்" என்று அத்தனை பேரும் சொன்னார்களே, அது சாலையில் உனக்குக் கேட்டதா இல்லையா? அதைச் சொல்ல அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஏன் இருந்தார்கள்? உன் சாமர்த்தியத்தாலா?

அப்பாவின் உடல் கிடக்கும் இடத்தில் பொய் சொன்னவன் நான். அதை நான் சுமக்கிறேன். நீ உன் லேபிளைப் பற்றிக் கவலைப்படு.

நாற்பதாம் நாள் வருகிறது. இமாமே சொல்லிவிட்டார், நீ கூடாரத்துக்குள் வரலாம், மகளின் இடத்தில் உட்காரலாம். நீ கேட்டது அதுதானே? வந்து உட்கார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திறந்தால் என் கதி என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

ஷர்ஷென்


பிஷ்கெக்
மே 14

தம்பி,

உன் கடிதத்தை நான்கைந்து தடவை படித்தேன். பிறந்ததிலிருந்து நீ என்னை 'நீ' என்று கூப்பிட்டதில்லை. இதில் முழுக்க 'நீ'. நன்றாகத்தான் இருந்தது.

நான் ஜெயித்தேன் என்று நினைத்த பேரத்துக்கு நீ பின்னாலிருந்து விலை கொடுத்திருக்கிறாய். எனக்குத் தெரியாமல் என் கணக்கில் யாராவது கொடுத்தால் எனக்குப் பிடிக்காது. ஆனால் நீ கொடுக்காமல் இருந்திருந்தால் அப்பாவை யார் தூக்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அதனால் உன்னைத் திட்டவும் முடியவில்லை. நன்றி என்று எழுதவும் கை வரவில்லை.

ரஹாத்திடம் சொன்னேன். "என்னக்கா இது, உள்ள உக்கார விடறாங்க, போய் உக்காரேன். யாரு உன் மனசுக்குள்ள எட்டிப் பாக்கப் போறா?" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருத்தியும் கன்னத்தைப் பிடித்து, வழிக்கு வந்தாயா என்பாள். ஆமாம் என்றால் நான் பொய். இல்லை என்றால் நீ பொய். தலையை ஆட்டினாலும் ஆமாம்தான், சும்மா இருந்தாலும் ஆமாம்தான்.

ஆகவே நான் கூடாரத்துக்குள் வரவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும் என்று உன் உயிரை வாங்கினேன், இப்போது தரும்போது வேண்டாம் என்கிறேன். உனக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை.

நாற்பதுக்கு வருகிறேன். அதே சாலையில், அதே இடத்தில் நிற்பேன். வெட்கம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். யாரும் என்னிடம் வந்து கேட்காதவரை உன்மேல் ஒரு சொல் விழாது. என் வாயும் என்னுடையதாகவே இருக்கும்.

நாற்பது விருந்தில் என் பங்குக் கறியைச் சாலைக்கு அனுப்பு. ஆறிப்போகாமல் அனுப்பச் சொல் பெர்மெட்டை.

அனார்கான்


சாரி-புலுங்
மே 19

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டேப் பிரிந்திருக்கவில்லை. ஆனாலும் மாமித் சிரித்தார். என்ன சிரிப்பு என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றார்.

நீங்கள் சாலையில் நின்றால், கலிமா சொன்னவர் ஏன் இன்னும் வெளியே நிற்கிறார் என்று கேட்பார்கள். முதல் தடவை வெட்கம் என்றேன். மறுபடியும் வெட்கம் என்றால் யார் நம்புவார்கள்? நீங்கள் இதை யோசிக்கவில்லை. நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

கூடாரத்தை இந்தத் தடவை முற்றத்தின் நடுவில் போடவில்லை. வேலியின் ஒரு பக்கத்தைப் பிடுங்கிவிட்டுச் சாலை ஓரமாகவே போட்டிருக்கிறேன். ஆட்கள் அதிகம் வருவார்கள், முற்றத்தில் அடுப்புக்கு இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அது உண்மைதான், பாதி உண்மை. வெயில் ஏறிவிட்டதால் கீழே சுற்றியிருக்கும் கம்பளியை எல்லோரும் செய்வதுபோல இடுப்பளவு சுருட்டி விடுவோம். பெண்கள் உட்காரும் பக்கம் சாலையைத்தான் ஒட்டியிருக்கிறது. நடுவில் மரச்சட்டம் மட்டும்தான், கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். வெளிப்பக்கம் உங்களுக்கு ஒரு விரிப்புப் போடச் சொல்லியிருக்கிறேன். அது சாலை. யாருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்களா வெளியேவா என்று சொல்ல வராது. இமாமிடம் காட்டினேன். கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், சட்டத்தை ஆட்டிப் பார்த்தார், என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "காத்து நல்லா வரும்" என்று மட்டும் சொன்னார். புரிந்துகொண்டு சொன்னாரா, புரியாமல் சொன்னாரா என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.

கறி சட்டத்தின் வழியாகவே வரும். சூடாகத்தான் வரும்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. இமாமின் மனைவி ஜெய்நெப் நேற்றுப் பெர்மெட்டிடம் வந்து, தனக்கு அந்தச் சட்டத்தை ஒட்டிய இடம்தான் வேண்டும் என்று கேட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூட்டு வலி, சாய்ந்துகொள்ள வேண்டுமாம். போகும்போது திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "அனார்கான் சந்தைப் பொம்பளைங்களுக்கெல்லாம் ஏதோ சொல்லித் தருவாளாமே, சத்தமாத்தான் சொல்லுவாளா, மெதுவாவும் சொல்லுவாளா?" என்று கேட்டிருக்கிறார்.

எதற்குக் கேட்டார் என்று பெர்மெட் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் மெதுவாகவே பேசுங்கள்.

தங்கள் தம்பி
ஷர்ஷென்